மாமன் என்னும் சொல்: சின்னமனூர்ச் செப்பேடு முதல் திருச்சபை வரை

முன்னுரை

தமிழில் மாமன் என்னும் சொல் மூவரைக் குறிக்கும். தாயுடன் பிறந்தவன் ஒருவன். தந்தையுடன் பிறந்த அத்தையின் கணவன் மற்றொருவன். மணத்திற்குப் பின் வாழ்க்கைத் துணையின் தந்தை மூன்றாமவன். அதற்கு எதிர்ச்சொல்லாகிய மருமகன் என்பதும் அவ்வாறே. ஓர் ஆண்மகனுக்குத் தன் சகோதரியின் மகனும் மருமகன். தன் மகளின் கணவனும் மருமகன். பிறப்பினால் வரும் உறவையும் மணத்தினால் வரும் உறவையும் இம்மொழி ஒரே சொல்லில் அடக்குவது ஏன்? சொல்வளம் குன்றியமையால் அன்று. தமையனுக்கும் தம்பிக்கும் வெவ்வேறு சொல் வகுத்த மொழி, பெரியப்பனையும் சிற்றப்பனையும் பிரித்துக் காட்டும் மொழி, மாமனிடத்தில் மட்டும் மூவரை ஒருவராகக் காண்கிறது என்றால் அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும்.

அக்காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் சொல்லின் அமைப்பையும், அடுத்து சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு காட்டும் ஓர் அரசனின் வரலாற்றையும், பின்னர் தமிழ்த் திருமறையில் லாபான், யாக்கோபு ஆகியோரின் உறவு மொழிபெயர்க்கப்பட்ட விதத்தையும், மானிடவியலார் முடிவுகளையும் நோக்குவோம். இவை யாவும் இறுதியில் நமது சபைகளைப் பார்த்து ஒரு கேள்வியை எழுப்புகின்றன. அக்கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சொல்லாராய்ச்சி மட்டும் செய்வது நமக்குத் தகுதியன்று.

1. சொல்லும் அதன் சுற்றமும்

மாமன் திராவிட மொழிகளின் பொதுச்சொற்களுள் ஒன்று. தெலுங்கில் மாம, கன்னடத்தில் மாவ, மலையாளத்தில் மாமன், அம்மாவன் என்று வழங்குகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிற்போலவே தாயின் சகோதரனுக்கும் மாமனாருக்கும் இச்சொல் பொருந்தும். இந்தி மொழியிலும் மாமா என்னும் சொல் உண்டு. ஆனால் அங்கே அது தாயின் சகோதரனை மட்டுமே குறிக்கும். மனைவியின் தந்தைக்கு வேறு சொல் உண்டு. ஒலி ஒன்றாயினும் பொருளில் ஒரு பாதி அங்கே இல்லை. அந்தப் பாதியிலேதான் தென்னாட்டு வாழ்வின் மரபு அடங்கியிருக்கிறது.

தமிழில் அம்மான் என்னும் இணைச்சொல்லும் உண்டு. இது தாயின் சகோதரனையும் தலைவனையும் குறிக்கும். யாழ்ப்பாணத் தமிழர் தாய்மாமனை அம்மான் என்றே அழைத்து வந்தனர். அம்மான் மகன் அம்மாஞ்சி என்றும், அம்மான் மகள் அம்மங்காள் என்றும் சில குடும்பங்களில் இன்றும் வழங்குவர். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 9ஆம் பாசுரத்தில் உறங்கும் தோழி மாமன் மகளாகவும், அவள் தாய் மாமியாகவும் விளிக்கப்படுகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்விளி இன்றைய தெருவிலும் மாற்றமின்றி ஒலிக்கக் கேட்கிறோம்.

மருகன், மருமான் என்னும் சொற்கள் சங்க நூல்களில் வழித்தோன்றல் என்னும் பொருளில் அரசரைப் பாராட்டுமிடத்து வருகின்றன. பிற்காலத்தில் மருகன் என்பது சகோதரியின் மகனையும் மகளின் கணவனையும் ஒருங்கே சுட்டலாயிற்று. முருகனுக்கு வழங்கும் மால்மருகன் என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. உமை திருமாலின் தங்கை என்பது புராண மரபு. ஆகவே முருகன் திருமாலுக்குத் தங்கை மகன். முருகன் மணந்த தெய்வயானையும் வள்ளியும் முற்பிறப்பில் திருமாலின் புதல்வியர் என்று கந்தபுராணம் கூறும். ஆகவே அவன் மகளிரின் கணவனுமாகிறான். ஒரே பெயரில் இரண்டு உறவும் பிழையின்றிப் பொருந்துகின்றன.

இவ்வமைப்பின் உட்கருத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. தந்தையோடு பிறந்தவர் பெரியப்பனும் சிற்றப்பனும் ஆவர். தாயோடு பிறந்த பெண்கள் பெரியம்மையும் சின்னம்மையும் ஆவர். இவர்தம் மக்கள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. இவர்களோடு மணவுறவு என்பது நினைக்கவும் ஒண்ணாதது. மறுபுறத்தில் தாயின் சகோதரன் மாமன். தந்தையின் சகோதரி அத்தை. இவர்தம் மக்கள் மைத்துனரும் மைத்துனியரும். மணம் கொள்ளத்தக்க முறையுடையோர். ஆக, ஒருவன் அறிந்த உலகம் முழுவதும் பங்காளி என்றும், மாமன் மைத்துனன் என்றும் இரண்டாகப் பிரிகிறது. முந்தையது உடன்பிறப்பு, பிந்தையது கொண்டான் கொடுத்தான் உறவு.

இரு குடும்பங்கள் தலைமுறைதோறும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வருவதாகக் கொள்வோம். என் தாயின் சகோதரன் என் தந்தையின் சகோதரியை மணந்திருப்பான். அவர்கள் மகளை நான் மணப்பேன். அப்போது தாயின் சகோதரன், அத்தையின் கணவன், மனைவியின் தந்தை ஆகிய மூவரும் உண்மையிலேயே ஒரே ஆளாகிவிடுகின்றனர். மூவருக்கு ஒரு சொல் வழங்கும் காரணம் இதுவே. எல்லாக் குடும்பங்களும் இவ்வாறே மணம் முடித்தன என்பதில்லை. ஆனால் மொழி அதனையே நெறியாகக் கொண்டுள்ளது. முறையில்லாத ஓரிடத்தில் பெண் எடுத்தாலும், பெண்ணின் தந்தை அன்று முதல் மாமனாகிறார். நேற்றுவரை அந்நியராயிருந்தவரைச் சொல் தன் ஒழுங்கிற்குள் ஏற்றுக்கொள்கிறது.

2. சின்னமனூர்ச் செப்பேட்டின் அரசன்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் இரண்டு தொகுதிகள் கிடைத்தன. அவற்றுள் பெரியது, இரண்டாம் இராசசிம்மன் தன் 16ஆம் ஆட்சியாண்டில் அளித்த கொடையைக் கூறுவது. அளநாட்டைச் சேர்ந்த நற்செய்கைபுத்தூர் என்னும் ஊர் அக்கொடையில் மந்தரகௌரவமங்கலம் எனப் பெயர் பெற்றது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இச்செப்பேடு வடமொழியும் தமிழும் கலந்தது. பாண்டிய முன்னோர் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும், மதுரையில் சங்கம் நிறுவியதையும் இது பெருமையுடன் கூறுவதால் தமிழ் இலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது.

நமக்கு இங்கே வேண்டுவது அச்செப்பேடு தரும் மற்றொரு செய்தி. இராசசிம்மனின் தந்தை பராந்தக வீரநாராயணன், தாய் வானவன்மாதேவி. வானவன் என்பது சேரர்க்குரிய பெயர். ஆதலால் இவள் சேரர் குலமகள் என்று வரலாற்றாசிரியர் கொள்வர். எனவே செப்பேட்டின் அரசனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள நாடு மாமன் நாடு.

கொடை வழங்கிய கை சில ஆண்டுகளில் வெறுங்கையாயிற்று. சோழ அரசன் முதற் பராந்தகன் பாண்டிநாட்டின்மேல் படையெடுத்து மதுரைகொண்டான் எனப் பட்டம் புனைந்தான். இராசசிம்மன் ஈழத்து அரசனின் துணையை நாடினான், ஈழப்படையும் வந்தது. எனினும் வெள்ளூரில் நடந்த போரில் சோழனே வென்றான். நாடிழந்த பாண்டியன் கடல் கடந்து ஈழம் சென்றான். அங்கும் எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. இறுதியில் தன் குலமுடியையும் பிற அரச சின்னங்களையும் ஈழத்திலேயே விட்டுவிட்டுக் கேரளம் சென்றான் என்று ஈழ வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறுகிறது. அம்முடியைப் பெறப் பராந்தகன் முயன்றும் முடியவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் முதலாம் இராசேந்திரன் காலத்திலேயே அது சோழர் கைப்பட்டது.

முடியை ஓரிடத்தில் வைத்துவிட்டு உயிரை வேறோரிடத்திற்கு எடுத்துச் சென்றான் இராசசிம்மன். அவன் கேரளத்தைத் தேர்ந்ததற்குச் சூளவம்சம் காரணம் கூறவில்லை. செப்பேடோ அவன் நாடிழப்பதற்கு முன் எழுதப்பட்டது; அவன் ஓடப்போவதை அது அறியாது; தாயின் பெயரை மட்டும் தருகிறது. இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்து, அவன் தாய் பிறந்த நாட்டிற்குச் சென்றான் என வரலாற்றாசிரியர் கூறுவது பொருத்தமாகவே தோன்றுகிறது. அரசியல் நட்பு தோற்றுப்போன இடத்தில் தாய்வழி உறவு நிற்கிறது. மாமன் வீடு என்று நம் மக்கள் சொல்லும்போது அச்சொல்லில் விருந்து மட்டுமன்று, புகலிடமும் அடங்கியுள்ளது. தந்தை வழியில் பங்காளிகள் பங்கிற்குப் போட்டியிடுவர். மாமனுக்கு மருமகனின் சொத்தில் பங்கில்லை. ஆகையால் பங்கில்லாதவனிடம் அன்பை எதிர்பார்ப்பது இயல்பாயிற்று.

3. தமிழ்த் திருமறையில் மாமனும் மருமகனும்

தமையனின் கோபத்திற்குத் தப்பி ஓடும் இளைஞன் ஒருவனைத் தாய் தன் சகோதரன் வீட்டிற்கே அனுப்புகிறாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நேர்ந்த சண்டை பங்கைப் பற்றியது. தம்பி ஓடுவதோ மாமன் வீட்டிற்கு. ஆதியாகமம் 27 முதல் 31 வரையுள்ள இவ்வரலாற்றைக் கேட்கும் தமிழ்க் கிராமத்தான் விளக்கவுரை எதுவுமின்றியே அதனைப் புரிந்துகொள்வான். தந்தையாகிய ஈசாக்கும் லாபானின் குமாரத்திகளுள் ஒருத்தியைக் கொள்ளும்படி கட்டளையிடுகிறார். நம் மொழியில் சொன்னால், முறைப்பெண்ணைத் தேடிப்போகிறான் யாக்கோபு.

எபிரெய மொழியில் தாயின் சகோதரனுக்குத் தனிச்சொல் திருமறையில் இல்லை. ஆகையால் 29:10இல் தாயின் சகோதரன் என்னும் தொடரை மூலநூல் மும்முறை சொல்கிறது. நமது சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்பட்டு வரும் பழைய மொழிபெயர்ப்பு, மாமன் என்னும் ஒரு சொல் கைவசம் இருந்தும், அவ்விடத்தில் மூலத்தின் தொடரையே பின்பற்றுகிறது. மொழிபெயர்த்தோரின் கவனத்தை இதில் காண்கிறோம்.

ஆனால் இரண்டே வசனங்களுக்குப் பின் நிலை மாறுகிறது. யாக்கோபு ராகேலிடம் தன்னை அறிமுகம் செய்யும் 12ஆம் வசனத்திலும், லாபான் யாக்கோபிடம் கூலியைப் பற்றிப் பேசும் 15ஆம் வசனத்திலும் மூலத்தில் உள்ள சொல் ஆக் என்பது. சகோதரன் என்று பொருள்படும். எபிரெயர் அச்சொல்லை இனத்தான் என்னும் பரந்த பொருளிலும் வழங்கினர். தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விரண்டிடங்களிலும் மருமகன் என்னும் சொல் நிற்கிறது. சகோதரன் என்று மொழிபெயர்த்திருந்தால் தமிழ் வாசகன் திகைத்திருப்பான், தந்தைக்குச் சகோதரன் என்றால் ராகேலுக்கு அவன் சிற்றப்பனாவான், மணம் முறைகேடாகிவிடும்! மருமகன் என்றதும் குழப்பம் தீர்ந்தது. அதுமட்டுமன்று. ராகேலை மணப்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே அவன் மருமகனாகிவிட்டான். கதையின் முடிவை அச்சொல் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. எபிரெய வாசகனுக்கு இல்லாத முன்னறிவு தமிழ் வாசகனுக்குக் கிடைக்கிறது.

மற்றோரிடம் நோக்குவோம். யாத்திராகமத்தில் மோசேயின் மனைவியின் தந்தையாகிய எத்திரோவை மூலநூல் ஹோத்தேன் என்கிறது. மனைவியின் தந்தை என்பது அதன் பொருள். தமிழில் மாமன் என்று வருகிறது. எத்திரோ மோசேக்கு இரத்த உறவினன் அல்லன்; மீதியானியன்; வேறு நாட்டு ஆசாரியன். எனினும் தமிழ்ச்சொல் அவனையும் தாயின் சகோதரனுக்குரிய இடத்தில் அமர்த்துகிறது. ரூத்தின் வரலாற்றில் நகோமி மாமி எனப்படுகிறாள். மோவாபிய மருமகளுக்கும் பெத்லகேமின் விதவைக்கும் பிறப்பினால் எந்த உறவும் இல்லை. உறவை உண்டாக்கிய மகனும் இறந்துபோனான். ஆயினும் அச்சொல் நிலைத்தது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு ரூத்தும் நிலைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் தடுமாறிய இடமும் உண்டு. கொலோசெயர் 4:10இல் மாற்கு பர்னபாவுக்கு என்ன உறவு என்பதை உணர்த்தும் கிரேக்கச் சொல், பெற்றோரின் உடன்பிறந்தார் மகன் என்று பொருள்படும். தந்தை வழியா, தாய் வழியா, சித்தப்பன் மகனா, அத்தை மகனா என்பதை அது சொல்லாது. தமிழிலோ அதைச் சொல்லாமல் உறவைக் கூற இயலாது. ஒன்று தம்பி, அன்றேல் மைத்துனன். ஆகவே மொழிபெயர்த்தோர் இனத்தான் என்று பொதுவாகக் கூறி ஒதுங்கிக்கொண்டனர். பங்காளியா, மாமன் மைத்துனனா என்று அறியாதவரைத் தமிழில் உறவுசொல்லி அழைக்க வழியில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

4. மிஷனெரிமாரும் மானிடவியலாரும்

தமிழ்த் திருமறையின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் மற்றொரு பெருநூலும் வெளியாயிற்று. ரோச்செஸ்டர் நகர வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக மக்களின் உறவுமுறைச் சொற்களைத் திரட்டி எழுதிய நூல் அது. செனெக்கா என்னும் அமெரிக்க இந்தியரின் உறவுமுறைச் சொற்களை ஆராய்ந்த மார்கன், பிற நாட்டினர் வழக்கை அறிய வினாப்பட்டியல்கள் அச்சிட்டு மிஷனெரிமாருக்கு அனுப்பினார். தமிழ்ச் சொற்களை அவருக்கு அளித்தவர்கள் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தினர். தந்தையின் சகோதரனைத் தந்தையாகவும், தாயின் சகோதரனை வேறாகவும் கருதும் வழக்கு இரு மக்களிடத்தும் இருப்பதைக் கண்டு மார்கன் வியந்தார். அமெரிக்க இந்தியர் ஆசியாவிலிருந்து வந்தோர் என்பதற்கு இதுவே சான்று என்றும் எண்ணினார்.

உறவுமுறைச் சொற்களைக் கொண்டு இனங்களின் பிறப்பிடம் காணும் அம்முயற்சியைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. செனெக்கர் வழக்கில் தாயின் சகோதரனும் மனைவியின் தந்தையும் ஒரு சொல்லால் குறிக்கப்படுவதில்லை. தமிழிலோ அதுவே அடிப்படை. எனினும் மானிடவியல் என்னும் கல்வித்துறையின் தொடக்கத்திலேயே தமிழ் மாமன் இடம்பெற்றுவிட்டான் என்பதும், அவனை அங்கே கொண்டுசென்றது மிஷனெரிமாரின் மொழியறிவு என்பதும் நமக்குரிய வரலாறாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாய்வை மேலும் முன்னெடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன். மதுரைக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கிற்கு அணித்தான கள்ளர் நாட்டில் தங்கிப் பிரமலைக் கள்ளர் வாழ்வை ஆராய்ந்து 1957இல் நூல் வெளியிட்டார். அதற்கு முன் 1953இல் திராவிட உறவுமுறைச் சொற்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்திற்கு இடமளித்தது. அவர் கூற்றின் சாரம் இது: மாமனைத் தாயின் சகோதரன் என்று மட்டும் பார்ப்பது போதாது, அவன் தந்தையின் மைத்துனன். பெண் கொடுத்த குடும்பத்திற்கும் பெண் கொண்ட குடும்பத்திற்கும் இடையே உண்டான உடன்படிக்கை தந்தை தலைமுறையில் மைத்துனன் உறவாகவும், மகன் தலைமுறையில் மாமன் உறவாகவும் தொடர்கிறது. நிலத்தைப் போல, வீட்டைப் போல, உடன்படிக்கையும் மரபுரிமையாக இறங்குகிறது.

இக்கருத்தை நம் சடங்குகள் வலியுறுத்துகின்றன. குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்பவன் தாய்மாமன். பெண் பூப்பெய்தினால் சீர் கொண்டுவருபவன் தாய்மாமன். திருமணத்திலும் சாவிலும் அவனுக்கென முறைகள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் சடங்குகளின் வடிவம் மாறியிருக்கலாம். தாய்மாமனின் இடம் மாறவில்லை. ஒரு பெண் பிறந்தகத்தை விட்டுச் சென்றாலும் பிறந்தகம் அவளை விட்டுவிடவில்லை என்பதை ஊரறியச் சொல்லும் சான்றே அச்சீர்.

5. சொல்லின் மறுபக்கம்

புகலிடம் கொடுத்தவனே பொறி வைப்பவனாகவும் ஆகலாம். மகாபாரதத்துச் சகுனி துரியோதனனுக்கு மாமன். மருமகன்மேல் கொண்ட பற்றினாலேயே குலத்தை அழித்தவன் என்று மக்கள் சொல்வர். கம்சன் கண்ணனுக்கு மாமன். பேச்சு வழக்கில் மாமா என்னும் சொல்லுக்கு இழிபொருளும் ஏற்பட்டிருப்பதை யாவரும் அறிவர். நெருக்கமான சொல்லே கறைபடுகிறது.

லாபானும் அத்தகைய மாமனே. என் எலும்பும் மாம்சமும் நீயே என்று உறவு கொண்டாடியவன், ஏழாண்டு உழைப்புக்குப் பின் ராகேலுக்குப் பதிலாக லேயாளைக் கொடுத்தான். இளையவளை முன்னே கொடுப்பது எங்களூர் வழக்கமன்று என்று முறையைக் காரணம் காட்டினான். பத்துமுறை சம்பளத்தை மாற்றினான் என்று யாக்கோபு முறையிடுகிறான். மாமனுக்கும் மருமகனுக்கும் நடந்த இருபதாண்டு வழக்கில் நாம் கேட்க மறந்துவிடும் குரல் ஒன்றுண்டு. 31ஆம் அதிகாரத்தில் ராகேலும் லேயாளும் பேசுகிறார்கள். தகப்பன் தங்களை அந்நியராக எண்ணி விற்றுவிட்டதாகவும், அப்பணத்தையும் அவனே தின்றுவிட்டதாகவும் கூறுகிறார்கள். முறை என்னும் அழகிய சொல்லுக்குக் கீழே விலையாகிப்போன பெண்களின் குரல் அது.

இவ்வெச்சரிப்பு நமக்கு வேண்டியதே. முறைமாமன் என்பதும் முறைப்பெண் என்பதும் உரிமையாக மாறும்போது, பெண்ணின் சம்மதம் கேட்கப்படாமல் போகிறது. அக்காள் மகளை மணப்பது மாமனின் உரிமை என்னும் வழக்குச் சில சமூகங்களில் உண்டு. 1563இல் பேராயர் பார்க்கர் வெளியிட்டு ஆங்கிலேயத் திருச்சபை கைக்கொண்ட மணத்தடை அட்டவணை இதனைத் தடுக்கிறது. மாமன் மகளை மணப்பதையோ தடுக்கவில்லை. லேவியராகமம் 18ஆம் அதிகாரமும் அத்தையையும் சிற்றன்னையையும் விலக்குகிறது. மாமன் மகளை விலக்கவில்லை. ஆயினும் விலக்கப்படாதவை யாவும் நன்மையானவை ஆகிவிடா. நெருங்கிய உறவில் மணம் முடிப்போரின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைகள் நேரும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவம் கூறுகிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காகப் படிப்பை இடையில் நிறுத்தி மணம் முடிப்பதும் நாம் காணாததன்று. இந்நிலையில் ஓலை வாசிக்கும் போதகர், முறை பொருந்துகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், பெண்ணைத் தனியே அழைத்து அவள் விருப்பத்தையும் கேட்டறிதல் கடமையாகும்.

6. சகோதரன் என்றழைப்பதும் மாமன் என்றழைப்பதும்

இனி நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். சபையில் நாம் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைக்கிறோம். சகோதரன் என்பது ஒரே வயிற்றில் பிறந்தவன் என்னும் பொருளுடைய வடசொல். கிறிஸ்துவுக்குள் ஒரே பிறப்பை உடையோர் என்னும் சத்தியத்தை அது அறிக்கையிடுகிறது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தமிழரின் உறவுலகம் இரண்டு பகுதிகளாயிருப்பதைக் கண்டோம். உடன்பிறந்தாரோடு நாம் மணவுறவு கொள்வதில்லை. ஆகையால் எல்லாச் சாதியாரையும் சகோதரர் என்று அழைப்பது தமிழனுக்கு எளிது. அவ்வழைப்பினால் அவன் பெண் கொடுக்கவும் வேண்டியதில்லை. பெண் கொள்ளவும் வேண்டியதில்லை. ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் மாமன் மைத்துனன் என்னும் மறுபகுதி பழையபடியே சாதி எல்லைக்குள் நிற்கிறது.

சபை வரலாறு இதற்குச் சான்று பகரும். 1834இல் பணி தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனார் சாதி வேற்றுமையைச் சபைக்குள் பொறுக்கலாகாது என்று உறுதியாய் நின்றனர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடும் சாதியைக் கைவிடாதோர் சபையில் சேர்க்கப்படத் தகார் என்று தீர்மானித்தது. அதற்கு அவர்கள் கொண்ட சோதனை அன்பின் விருந்து. எல்லாச் சாதியாரும் ஓரிடத்தில் அமர்ந்து உண்ணல். அக்காலத்தில் அது சிறு காரியமன்று. அதன் பொருட்டுச் சபையைவிட்டு விலகியோரும் உண்டு. காலப்போக்கில் சோதனை வென்றது. இன்று ஒரே பந்தியில் உண்கிறோம். ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறோம். எனினும் கொள்வினை கொடுப்பினை என்னும் இரட்டையில் அச்சோதனை கை வைக்கவில்லை. கிறிஸ்தவ இதழ்களிலேயே மணமகள் தேவை என்னும் விளம்பரத்தில் திருமுழுக்கின் பெயரோடு சாதியின் பெயரும் அச்சாகிறது.

உண்பதில் ஒன்றானவர்கள் உறவில் ஒன்றாகவில்லை. மாமன் என்னும் சொல்லே இதற்கு அளவுகோல். தென்மாவட்டங்களில் இந்துக்களும் இசுலாமியரும் ஒருவரையொருவர் மாமா என்றும் மாப்பிள்ளை என்றும் உரிமையோடு அழைக்கும் ஊர்கள் உண்டு. நெருங்கிய நட்புடைய சாதிகளுக்கிடையேயும் அவ்வழக்கைக் காணலாம். ஆனால் சேரி என்று ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து வருபவரை, அவர் வயதில் மூத்தவராயினும், மாமா என்று அழைக்கும் நாவு எத்தனை? பல ஊர்களில் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்த காலம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சபைக்குள் அவர் சகோதரர். தெருவில் அவருக்கு உறவுச்சொல் இல்லை.

நகரங்களில் இப்போது அங்கிள் என்னும் சொல் பரவிவிட்டது. மாமனுக்கும் சிற்றப்பனுக்கும் அயலாருக்கும் அது ஒன்றே. வேற்றுமை காட்டாதது நன்றே எனச் சிலர் கருதலாம். ஆனால் அது எல்லாரையும் ஒரே தொலைவில் நிறுத்துகிறதேயன்றி ஒருவரையும் அருகில் அழைப்பதில்லை. சீர் கொண்டுவரும் கடமையும் அங்கிளுக்கு இல்லை. புகலிடம் கொடுக்கும் கடமையும் இல்லை.

இதற்கு மாறாக, மாமன் என்னும் சொல் அந்நியரை உறவாக்கும் ஆற்றல் உடையது என்பதை எத்திரோவின் வரலாறு காட்டுகிறது. வேற்றினத்து மாமன் வந்தபோது மோசே எதிர்கொண்டு போய் வணங்கினான்; ஆரோனும் இஸ்ரவேலின் மூப்பரும் அம்மாமனோடு தேவசந்நிதியில் போஜனம் பண்ணினார்கள். ஜனங்களை நியாயம் விசாரிக்கும் ஒழுங்கையே இஸ்ரவேல் அம்மாமனிடம் கற்றது. அதே மோசே எத்தியோப்பிய ஸ்திரீயை மணந்ததை மிரியாமும் ஆரோனும் பழித்தபோது, கர்த்தர் பழித்தவர்களையே கடிந்துகொண்டார் என்று எண்ணாகமம் 12 கூறுகிறது. மோவாபியளாகிய ரூத்து தாவீதின் வம்சத்திற்கும், மத்தேயு எழுதிய அட்டவணையின்படி ஆண்டவரின் வம்சத்திற்கும் தாயானாள். திருமறையில் இரட்சிப்பின் வழி உடன்பிறந்தார் வழியாக மட்டும் வரவில்லை. மாமன், மாமி, மருமகள் வழியாகவும் வந்தது.

முடிவுரை

மாமன் என்பது தாயின் சகோதரனுக்கு இட்ட பெயர் மட்டுமன்று. இரு குடும்பங்கள் ஒன்றையொன்று கைவிடுவதில்லை என்று செய்துகொண்ட உடன்படிக்கையின் பெயர். முடியிழந்த பாண்டியன் அதை நம்பியே மலைக்கு அப்பால் சென்றான் என்று கொள்ள இடமுண்டு. தமையனுக்கு அஞ்சிய யாக்கோபு அதை நம்பி ஆரானுக்கு ஓடினான். அது அன்பின் சொல். அதனை உரிமையாகவும் வாணிகமாகவும் மாற்றிய லாபான்களும் உண்டு.

இறையியல் கல்லூரிகளில் பயிலும் நம் இளம் ஊழியர் ஒரு கிராமத்திற்குச் சென்றால், அங்கே யார் யாரை மாமா என்று அழைக்கிறார்கள், யாரை அவ்வாறு அழைப்பதில்லை என்பதை முதல் மாதத்திலேயே கவனிப்பார்களாக. சபைப் பதிவேட்டில் காணமுடியாத எல்லைக்கோடு அதில் தெளிவாகத் தெரியும். முன்னோர் பந்தியில் சோதித்தார்கள். அச்சோதனையில் நாம் தேறினோம். இனி வரும் சோதனை மணமேடையில் உள்ளது. வேற்றுச் சாதியில் மணம் புரிய விரும்பும் இரு பிள்ளைகள் போதகரை நாடி வரும் நாளில், சகோதரர் என்று இத்தனை ஆண்டுகள் ஒருவரையொருவர் அழைத்த இரு தகப்பன்மாரும் சம்பந்தி என்று அழைத்துக்கொள்ள முன்வருவார்களாயின், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு தெருக்களிலும் உறவிருக்கும். அதைக் காது குத்த மடியில் வைத்துக்கொள்ளும் மாமன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்று அன்று யாரும் கேட்கமாட்டார்கள்.